ஐந்தாம் நம்பர் சப்பாத்து

சனிக்கிழமை காலையில்
ஆயர் தாவாரில் என் கடை வாசலுக்குக் கார்கள் வரும்.
கோலாலம்பூர்ப் பிள்ளைகள்.
லுமுட்டில் ஃபெரி பிடித்து
பங்கோர் மலை ஏறப் போகிறவர்கள்.
கயிற்றில் கோத்துத் தொங்கும்
கறுப்பு ரப்பர் சப்பாத்தைக் கண்டதும்
"இதுதான், இதுதான்" என்று கத்துவார்கள்.
அடியில் முள் முள்ளாய் இருக்கிறதாம்,
ஈர வேரிலும் வழுக்காதாம்.
நானூறு வெள்ளிச் சப்பாத்தைக் கழற்றிக்
காரில் எறிந்துவிட்டுப்
பன்னிரண்டு வெள்ளிக்கு வரிசையில் நிற்பார்கள்.

வழுக்காது என்று எனக்குத் தெரியாதா?
தோட்டத்தில் பாதிப் பேர் காலில்
கடன் எழுதி மாட்டிவிட்டவன் நான்.
சம்பளத்தன்று கிராணி பிடித்துக் கொடுப்பார்.
பூவாத்தா கணக்கும் அதில்தான் இருந்தது,
வருஷத்துக்கு மூன்று ஜோடி,
ஐந்தாம் நம்பர்.
கட்டிக்கொண்டவளின் காலளவு
முகத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

போன மாதம் சியூ லிங் என்று ஒரு பெண்
சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள்:
"அங்கிள், அங்கே எந்தப் பாதை அழகு?"
இருபத்தாறு வருஷமாய் விற்கிறேன்.
ஏறினதில்லை.
கரையிலிருந்து பார்த்தால் அது
கடலில் கவிழ்த்த பச்சைச் சட்டி.
உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்து
கல்லாவுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த
பூவாத்தா சொன்னாள்:
"போய்ப் பாத்தாத்தானே சொல்ல முடியும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம்.

மரத்துக்கு மரம் சிவப்பு நாடா கட்டியிருந்தது,
செங்குத்தான இடத்தில் கயிறு.
ஒரு கயிற்றையும் நான் விடவில்லை.
அவளுக்குக் கயிறு வேண்டியிருக்கவில்லை,
கைதான் பிரச்சினை.
பின்னால் கட்டினாள், முன்னால் கட்டினாள்,
கடைசியில் என் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டாள்.
"வாளி இல்லாம நடக்க
ஒரு மாதிரியா இருக்கு."

பாறைமேல் நின்று எல்லாரும்
கடலைப் படம் எடுத்தார்கள்.
அவள் தரையைப் பார்த்துக்கொண்டு போனாள்.
எறும்பு வரிசை,
பாம்புச் சட்டை,
"இப்பத்தான் பன்னி போயிருக்கு, ஈரம் காயல."
ஓரிடத்தில் பெரிய மரம் விழுந்து கிடந்தது,
அதோடு நாடாவும் போச்சு.
எங்களுக்கு முன்னால் போன ஆறு பேர்
கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிச்
சுற்றிச் சுற்றி வந்தார்கள்.
பூவாத்தா குனிந்தாள்.
"மிதிபட்ட இலைக்கு நிறம் வேற" என்று
இடதுபக்கம் கிளைக்கு அடியில் நுழைந்தாள்.
பெரட்டுக்கு நிற்கிற மாதிரி
ஆறு பேரும் வரிசையாய்ப் பின்னால்,
ஏழாவதாக நான்.

உச்சியில்
தார்ப்பாயை உதறுகிற சத்தம்.
இருவாச்சி, இரண்டு.
அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள்.
கழுத்து நெட்டி முறிந்தது எனக்கே கேட்டது.
பறவை போன பிறகும்
தலையை இறக்கவில்லை.
ஃபெரி வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது.
அதற்கும் அந்தப் பக்கம், கரைக்கு உள்ளே,
பாயாய் விரித்த ஒரு பச்சை.
"அதுதான் நம்ம தோட்டமா?"
ஆமாம் என்றேன், நிச்சயமில்லாமல்.
நெடுநேரம் பார்த்தாள்.
"ஆள் தெரியல" என்றாள்.

இறங்கும்போது அவள் கை
தானாய் வீசிக்கொண்டு வந்தது.
என் முட்டிதான் மூன்று நாள் பேசியது.

நேற்று கடை திறந்ததும்
கயிற்றிலிருந்து ஒரு ஜோடி அவிழ்த்தாள்,
ஐந்தாம் நம்பர்.
கல்லாவில் பன்னிரண்டு வெள்ளி வைத்தாள்.
"காலில் இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு?"
"அது வேலைக்கு. அதை எழுதிக்க.
இது நடக்க."

பழைய வாடிக்கை ஆயிற்றே,
ஐம்பது காசு குறைத்தேன்.
எண்ணி வாங்கிக்கொண்டாள்.